இவருக்கு எந்தக் காய் பிடிக்கும்?

வீதியில் உறங்குகிறவர்களை விடாமல் படம் எடுக்கிறோம். பார்ப்பவர் மனம் அசைகிறதா? ஜொகூர் பாருவை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

ஜொகூரின் வீடுகளைப் படம் எடுக்கவென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கேலாங் பாத்தாவுக்கு அப்பால் கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டிதான் அவர்களை இழுக்கிறது. ஏழு லட்சம் பேர் குடியிருக்கத் திட்டமிட்ட ஊர் அது. கட்டடங்கள் வானுயர எழுந்தன, குடிவந்தவர்கள் சொற்பம். இருட்டிய பிறகும் விளக்கெரியாத ஜன்னல்களைச் செய்தியாளர்களும் யூடியூபர்களும் ட்ரோனில் எடுத்து உலகத்துக்கே காட்டிவிட்டார்கள். விற்காமல் தேங்கிய வீடுகளின் கணக்கில் ஜொகூர் பல ஆண்டுகள் நாட்டின் முன்வரிசையில் நின்றிருக்கிறது.

அதே மாநிலத்தின் தலைநகரில், கடைகள் அடைத்தபின் ஐந்தடி நடைபாதையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நகர மையத்தின் பழைய கடைவரிசைகளிலும் லார்க்கின் பேருந்து நிலையச் சுற்றுவட்டாரத்திலும் இரவில் நடந்தவர்களுக்கு இது தெரியும். இவர்களையும் கேமரா விட்டுவைக்கவில்லை. ஆனால் ஆளில்லாத வீட்டின் படத்தைப் பார்த்தால் யார் கட்டியது, யார் பணம், எங்கே பிசகியது, இனி என்ன ஆகும் என்று நாலு கேள்வி கேட்கிறோம். வீடில்லாத ஆளின் படத்தைப் பார்த்தால் ‘ஐயோ பாவம்’ என்று ஒரு மூச்சில் முடித்துக்கொண்டு விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

பார்ப்பவர் கல்நெஞ்சர் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. எடுக்கிறவர் எடுத்த விதத்திலேயே பாதிக் காரணம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பொட்டலமும் பதாகையும்

மலேசியத் தமிழர் எல்லோருக்கும் பழகிய படம் ஒன்று உண்டு. பின்னால் இயக்கத்தின் பதாகை. நடுவில் சோற்றுப் பொட்டலம் அல்லது அரிசிப் பை. அதன் ஒரு முனையை வழங்குபவர் பிடித்திருப்பார், மறுமுனையைப் பெறுபவர். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, கேமராவைப் பார்ப்பார்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்தப் படம் நாளிதழ்ப் பக்கங்களை நிறைக்கும். மற்ற மாதங்களில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதை வெறும் விளம்பரப் பசி என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கொடுத்தது போய்ச் சேர்ந்தது என்பதற்குப் படம்தான் அத்தாட்சி. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த மாத அரிசிக்குப் பணம் வரும். வாரந்தோறும் இரவில் தங்கள் காரில், தங்கள் பெட்ரோலில் சோறு கொண்டுபோகும் தன்னார்வலர்கள் ஜொகூர் பாருவில் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல பேருக்கு இரவுச் சாப்பாடு இல்லை.

ஆனாலும் அந்தப் படத்தின் அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள். கொடுத்தவரின் பெயர், பட்டம், பதவி எல்லாம் இருக்கும். வாங்கியவர் ‘வசதி குறைந்தவர்’. அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, நேற்று வரை என்ன வேலை பார்த்தார் என்பது இல்லை. சரி, கௌரவம் கருதிப் பெயரை மறைத்தார்கள் என்று வைத்துக்கொண்டால், முகத்தை ஏன் மறைக்கவில்லை?

இன்னொரு வகைப் படமும் உண்டு. கறுப்பு வெள்ளை. முகம் சட்டம் முழுக்க. ஒவ்வொரு சுருக்கத்திலும் அழுக்கும் ஒளியும். போட்டிகளில் பரிசு வாங்கும் பாணி இது. இந்தப் பாணியில் உலகப் பெயர் வாங்கியவர் இங்கிலாந்தின் லீ ஜெஃப்ரிஸ். 2008-ல் லண்டன் தெருவில் தூங்குபைக்குள் சுருண்டிருந்த ஓர் இளம்பெண்ணைத் தொலைவிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்தபோது அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். ஜெஃப்ரிஸ் ஓடவில்லை, அருகே போய்ப் பேச உட்கார்ந்தார். தன் வழியை மாற்றியது அந்த உரையாடல்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் பாணியைப் பின்பற்றுகிறவர்களில் பலர் சுருக்கத்தையும் ஒளியையும் கற்றுக்கொண்டார்கள். உட்கார்ந்து பேசியதைக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு.

1877: இரண்டு கேமராக்கள்

வீதியில் கிடப்பவரைப் படம் எடுக்கும் பழக்கத்துக்கு ஏறக்குறைய கேமராவின் வயதே ஆகிறது. அதன் தொடக்கக்கால ஆட்களில் ஒருவர் நம் பக்கத்தில் தொழில் நடத்தியவர். ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862-ல் சிங்கப்பூரில் படக்கூடம் வைத்தார். பினாங்கிலும் சில மாதங்கள் தங்கி மலாய்க்காரர்களையும் தமிழர்களையும் எடுத்தார். லண்டன் திரும்பிய பிறகு, 1877-ல், எழுத்தாளர் அடால்ஃப் ஸ்மித்தோடு சேர்ந்து ‘ஸ்ட்ரீட் லைஃப் இன் லண்டன்’ என்ற தொடரை மாத இதழாக வெளியிட்டார்.

அதில் ஒரு படம் இன்றைக்கும் பேசப்படுகிறது. கல்படிக்கட்டில் முக்காடிட்ட பெண் ஒருத்தி சாய்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. பார்த்தவுடன் ‘தாயும் பிள்ளையும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்’ என்று தோன்றும். கூடவே அச்சான எழுத்தைப் படித்தால் கதை வேறு. அந்தப் பெண் தையற்காரர் ஒருவரின் விதவை. குழந்தை அவளுடையது அன்று. காப்பிக்கடையில் வேலைக்குப் போகும் தோழியின் பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். அதற்குக் கூலியாகக் கொஞ்சம் தேநீரும் ரொட்டியும். படத்தில் பிச்சைக்காரியாகத் தெரிந்தவள் எழுத்தில் வேலைக்காரியாகிறாள். இன்று இணையத்தில் சுற்றும் அந்தப் படத்தோடு அந்த எழுத்து பெரும்பாலும் வருவதில்லை.

அதே காலம். சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை பல லட்சம் பேர் மாண்டார்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுத்தார். பஞ்சம் என்றதும் இன்றும் புத்தகங்களில் அச்சாவது அந்தப் படங்கள்தான். படம் எடுத்து முடித்ததும் அவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு ஹூப்பர் மீது உண்டு. பர்மாவுக்குப் போன பிறகு, மரண தண்டனை நிறைவேற்றும் நொடியைப் படம் பிடிக்க முயன்றதற்காக அவர் கண்டனத்துக்கும் ஆளானார்.

ஹூப்பரின் படத்தில் இருப்பவர் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன தொழில், என்ன விதைத்தார், எப்போது கிணறு வற்றியது என்று ஒரு வரி இல்லை. அந்தப் பஞ்சமும் அதன் பின்னால் வந்த வறுமையும் கப்பலேற்றியவர்களில் ஒரு பகுதி மலாயாவுக்கு வந்தது. ஜொகூரின் பால்மரக் காட்டில் பேரப்பிள்ளைகளைப் பெற்றது. ஆகவே பெயரில்லாமல் படம் பிடிக்கப்படுவது என்றால் என்ன என்பதை நாம் யாரிடமும் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலனிக் காலத்துத் தபால் அட்டைகளில் நம் பாட்டிமார் ‘தமிழ்ப் பெண்’ என்ற ஒற்றை அடையாளத்தோடு அச்சாகி விற்றவர்கள்.

மூளை கேட்க மறக்கும் கேள்வி

படம் பார்க்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சங்கடமான பதில் தந்தது. மாணவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பலவகை மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். இன்னொரு மனிதரின் மனதைப் பற்றி நினைக்கும்போது வழக்கமாக விழித்துக்கொள்ளும் பகுதி ஒன்று நெற்றிக்குப் பின்னால் மூளையில் இருக்கிறது. முதியவர், ஊனமுற்றவர், பணக்காரர், விளையாட்டு வீரர் படங்களுக்கு அது விழித்தது. வீடற்றவர், போதைக்கு அடிமையானவர் படங்களுக்கு அந்த விழிப்பு தென்படவில்லை. அருவருப்போடு தொடர்புடைய பகுதிகள் இயங்கின. மனிதரைப் பார்த்தும், மனிதர் என்ற கணக்கில் மூளை சேர்க்கவில்லை.

அடுத்து அவர்கள் செய்ததுதான் நமக்கு முக்கியம். அதே மாதிரிப் படங்களைக் காட்டி, வயதை மதிப்பிடுவது போன்ற வகைபிரிக்கும் கேள்வியைக் கேட்காமல், ‘இவருக்கு இந்தக் காய் பிடிக்குமா?’ என்று கேட்டார்கள். உறங்கிக்கிடந்த அந்தப் பகுதி விழித்துக்கொண்டது. படத்தில் ஒன்றும் மாறவில்லை. அவரும் விருப்பு வெறுப்பு உள்ள ஆள் என்று நினைக்கவைக்கும் ஒரு சாதாரணக் கேள்வி போதுமாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் சிலரிடம் கண்டதைக் கொண்டு உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆனாலும் புகைப்படக்காரர் இதை மனதில் வைக்கலாம். கிழிந்த சட்டை, வெறுங்கால், நீட்டிய கை எல்லாம் ‘இவர் எந்த வகை’ என்று சொல்கின்றன. வகை தெரிந்ததும் மூளை வேலையை முடித்துக்கொள்கிறது. தலைமாட்டில் மடித்து வைத்த வேலைச் சட்டை, காதில் மாட்டிய ரேடியோ, கம்பியில் காயும் துண்டு, தேத்தண்ணியில் சீனி வேண்டாம் என்று கையசைக்கும் நொடி ஆகியவை ‘இவர் யார்’ என்று கேட்கவைக்கின்றன. பரிதாபம் காட்டும் படத்தைவிடப் பழக்கம் காட்டும் படம் நெருக்கத்தைக் கொண்டுவருகிறது.

கிராஞ்சியில் படுத்தவர்கள்

படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்தால் பார்வை மாறும் என்பதற்கு ஜொகூர்க்காரர்களே சாட்சி. 2020 மார்ச் 16 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டு 18-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டும். எல்லை மூடப்போகிறது என்றதும், வேலையை விட முடியாத மலேசியர்கள் ஒரு பையோடு சிங்கப்பூருக்குள் ஓடினார்கள். தங்க இடம் கிடைக்காத சிலர் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தருகே சிமெண்டுத் தரையில் படுத்தார்கள்.

அந்தப் படங்கள் இரு நாட்டிலும் பரவின. பார்த்தவர்கள் பதறினார்கள். வீட்டில் அறை தருகிறேன் என்றவர்கள் உண்டு, போர்வையும் சாப்பாடும் கொண்டு ஓடியவர்கள் உண்டு. சிங்கப்பூர் அதிகாரிகள் தற்காலிகத் தங்குமிடம் ஏற்பாடு செய்தார்கள்; ஊழியர்களைத் தங்கவைக்கும் முதலாளிகளுக்கு அரசு உதவித்தொகையும் அறிவித்தது.

அதே அட்டைப்பெட்டி, அதே தரை, அதே சுருண்ட உடல். ஆனால் பார்த்தவர் யாரும் ‘சோம்பேறி’ என்று சொல்லவில்லை, ‘குடிகாரராக இருக்கும்’ என்று ஊகிக்கவில்லை. படத்தின் கீழே ‘தொழிலாளர்கள்’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தைக் கழற்றிவிட்டு அதே படத்தை வேறொரு மாதத்தில் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் பேராசிரியர் இங் கோக் ஹோ தலைமையில் நடந்து 2019-ல் வெளியான கணக்கெடுப்பு, அந்தத் தீவில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வெளியில் உறங்குவதாகச் சொன்னது. பேட்டி கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலையில் இருப்பவர்கள்: துப்புரவு, காவல், சில்லறை வேலைகள். வேலை இருந்தும் வீடு இல்லை. ஜொகூர் பாருவின் நிலவரமும் இதற்கு வெகுதூரம் இல்லை. சிங்கப்பூர் வேலையை நம்பிச் சபா, சரவாக், வடமாநிலங்களிலிருந்து வந்து, முகவரிடம் ஏமாந்தோ வேலை அனுமதி கிடைக்காமலோ நடுவழியில் நிற்பவர்களுக்கு இந்த நகரம்தான் கடைசி நிறுத்தம். ஊருக்குத் திரும்ப வெட்கம். அறை வாடகைக்கு முன்பணம் இல்லை. அடையாள அட்டை தொலைந்தால் வேலையும் போகும்.

தோட்டத்துத் தமிழருக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் வட்டாரங்களில் தோட்டம் கைமாறியபோது, செம்பனைக்கோ வீடமைப்புக்கோ நிலம் போனபோது, வேலையும் வீடும் ஒரே கடிதத்தில் போயின. பிறந்து வளர்ந்த இடத்திலேயே அனுமதியின்றிக் குடியிருப்பவர் என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

படம் உதவும், உதைக்கவும் செய்யும்

புகைப்படம் நன்மை செய்யும்போதும் யாருக்கு நன்மை என்று பார்க்க வேண்டும். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றிக் கிடந்த தொழிலாளர் முகாமில், டோரத்தியா லாங் ஒரு தாயை எடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்றாகிவிட்டது அது. பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு டன் கணக்கில் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாயும் பிள்ளைகளும் வேறிடம் போய்விட்டார்கள்.

லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருந்தினார். 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது நிலைமை வேறு. படத்தில் இருப்பவர் இன்னார் என்று தெரிந்த மக்கள் மருத்துவச் செலவுக்குப் பல்லாயிரம் டாலர் அனுப்பினார்கள். பெயர் தெரியாமல் இருந்த நாற்பதாண்டில் அவருக்கு வராத உதவி, பெயர் தெரிந்த பிறகு வந்தது.

ஜொகூர் பாருவில் படத்தின் உதை இன்னும் நேரடியானது. வீதியில் படுப்பவர்களில் ஆலோங் எனும் கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கி ஓடியவர்கள் உண்டு. கடனாளியின் படத்தையும் அடையாள அட்டை நகலையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது ஆலோங்கின் பழைய வழக்கம். அவர்களுக்குப் படம் என்றாலே மிரட்டல். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணுக்கு, பின்னணியில் கடைப்பெயர் தெரியும் ஒரு படம் போதும், ஆபத்து தேடி வர. மகளுக்கு ‘அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறேன்’ என்று சொல்லிவைத்திருப்பவரின் முகம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தால், சோற்றுப் பொட்டலம் அதை ஈடுகட்டாது.

சம்மதம் கேட்டோமே என்று சிலர் சொல்வார்கள். பசித்தவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே கேட்கும் சம்மதம் சம்மதமா? வேண்டாம் என்றால் அடுத்த வாரம் சோறு வராது என்று அவர் நினைக்க மாட்டாரா? தூங்குகிறவரிடமோ கேட்கவே வழியில்லை. உறங்கும் மனிதரை எடுப்பதில்லை என்று ஒரே ஒரு விதியை நம் ஊர்ப் புகைப்படக்காரர்கள் ஏற்றுக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் இன்னும் நடப்பில் இருப்பது 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். பிச்சை எடுத்துப் பொதுமக்களுக்குத் தொந்தரவு தருபவர் மட்டுமின்றி, பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இருப்பதாகத் தெரியாமல் பொது இடத்தில் சும்மா இருப்பவரும் அதன் வரையறைக்குள் வருவார். சமூகநல அதிகாரி அவரைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். விசாரணை அறிக்கைக்காக ஒரு மாதம் வரை நல இல்லத்தில் வைக்கலாம். பிறகு மூன்று ஆண்டு வரை தங்கவைக்க உத்தரவிடலாம்; அதை நீட்டிக்கவும் வழி உண்டு. அனுமதியின்றி வெளியேறினால் சிறைத் தண்டனை கிடைக்கலாம். இப்படி அனுப்பப்படுபவர்களை ஏற்கும் ‘டேசா பினா டிரி’ இல்லங்களில் ஒன்று ஜொகூரின் மெர்சிங்கில் இருக்கிறது.

வேலை தேடித்தரும் நோக்கத்தோடு குறுகிய காலம் தங்கவைக்கும் ‘அஞ்சுங் சிங்கா’ இல்லங்கள் வேறு. 2011-ல் கோலாலம்பூரில் தொடங்கிய அந்த ஏற்பாடு ஜொகூர் பாருவுக்கும் வந்தது. உதவ நினைக்கும் அரசும் கண்ணில் படாமல் அகற்ற நினைக்கும் அரசும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. 2014 ஜூலையில் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இலவச உணவு வழங்கக் கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சு அறிவித்ததும், எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியதும் நினைவிருக்கலாம்.

இச்சட்டம் அமலில் இருக்கும்வரை, இன்னார் இன்ன இடத்தில் படுக்கிறார் என்று காட்டும் படம் சட்டத்துக்கும் ஒரு தகவல். எடுப்பவர் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கேமரா கைமாறினால்

இந்தச் சிக்கலுக்கு உலகில் பலர் கண்ட விடை ஒன்றேதான்: கேமராவை அந்தப் பக்கம் கொடுத்துவிடு. 1990-களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுக்கச் சொன்னார்கள் கேரலைன் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும். எடுத்த படங்களைச் சுற்றி உட்கார்ந்து அவர்களே பேசினார்கள், அவர்களே எழுதினார்கள். அந்தப் பேச்சு கொள்கை வகுப்பவர் காதுக்குப் போனது. ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த முறையை வாங் பிறகு அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்துத் தங்குமிடங்களில் இருந்தவர்களோடும் செய்தார்.

லண்டனில் 2012-ல் தொடங்கிய ‘கஃபே ஆர்ட்’ இதை வருமானத்தோடு சேர்த்தது. புனித பால் பேராலயத்தில் வீடற்ற நூறு பேரிடம் ஒருமுறை பயன்படுத்தும் ஃபியூஜி கேமரா கொடுத்தார்கள். ‘எனது லண்டன்’ என்பதுதான் தலைப்பு. ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியின் உறுப்பினர்கள் அடிப்படைப் பாடம் சொல்லித்தந்தார்கள். வந்த படங்களிலிருந்து தேர்ந்தெடுத்து நாள்காட்டி அச்சானது. அதை விற்றவர்களில் எடுத்தவர்களும் இருந்தார்கள்.

பலரும் எதிர்பார்த்தது அழுகையும் அழுக்கும். வந்ததோ பாலம், நாய், சிவப்பு பஸ், பனி, நகைச்சுவை. ஊரில் மிக அதிக நேரம் வெளியில் இருப்பவர்கள் அவர்கள்தான். எந்த நேரத்தில் எந்தச் சுவரில் வெளிச்சம் விழும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? படத்தைப் பார்த்தவர் முதலில் ‘நல்ல படம்’ என்றார், பிறகுதான் எடுத்தவர் யார் என்று கேட்டார். வியப்பில் தொடங்கும் உறவில் மேல் கீழ் குறைவு.

தமிழ்நாட்டில் இதே பாதையில் போகிறவர் எம். பழனிக்குமார். மதுரைப் பக்கத்தில் மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் ஆண்டுக்கணக்கில் எடுத்தவர். ‘பாரி’ இணைய இதழ்வழி அவர் படங்கள் உலகெங்கும் போயின. 2022-ல் தயாநிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதையும் பெற்றார். அதோடு நிற்காமல், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கேமரா சொல்லிக்கொடுக்கிறார். தன் தெருவைத் தானே எடுக்கும் பிள்ளை எதை எடுக்கிறது, எதை எடுக்காமல் விடுகிறது என்பதிலேயே வெளியிலிருந்து வருபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. கண்காட்சி முடிந்து விளக்கணைந்தபின் எடுத்தவர் அதே ஐந்தடிக்குத்தான் திரும்புகிறார் என்றால், நாம் அவருக்குக் கொடுத்தது ஒரு மாலை நேரக் கைதட்டல் மட்டும். படம் விற்ற பணத்தில் அவர் பங்கு எவ்வளவு, அடுத்த மாதம் அவரோடு யார் பேசுவார்கள் என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

ஜொகூரில் தொடங்க என்ன தேவை?

அதிகம் தேவையில்லை. பழைய கைப்பேசி போதும். இன்று யார் வீட்டு மேசை இழுப்பறையிலும் இரண்டு கிடக்கின்றன. உணவு வழங்கும் குழுக்கள் ஏற்கெனவே இந்த மனிதர்களைப் பெயர் சொல்லி அறிந்தவை. வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரர் சம்பாதிக்கப் பல மாதமாகும் நம்பிக்கை அவர்களிடம் தயாராக இருக்கிறது. ஜாலான் தான் ஹியோக் நீ போன்ற பழைய தெருக்களில் கலைநிகழ்ச்சிக்கும் கண்காட்சிக்கும் பழகிய கூட்டம் இருக்கிறது. பிரிந்துகிடக்கும் இவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவர ஓர் அமைப்பு முன்வந்தால் போதும்.

எடுக்க விரும்புகிற தனி ஆளுக்கும் சில பழக்கங்கள் உதவும். முதல் நாள் கேமரா எடுத்துப் போக வேண்டாம். உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். சோறு வழங்கும் நேரத்தில் எடுக்க வேண்டாம். எடுத்த படத்தை 4ஆர் அளவில் கழுவி, அடுத்த முறை அவர் கையில் கொடுக்கலாம்; செலவு சில்லறைக் காசு. தன் படம் என்று ஒன்றுகூட இல்லாதவர்கள் அவர்களில் பலர். முகம் காட்ட விருப்பமில்லையென்றால் கையைக் காட்டட்டும், அவர் வைத்திருக்கும் கருவியைக் காட்டட்டும். படத்தின் கீழே வரும் வரியை அவரே சொல்லட்டும். அவர் சொல்லும் பெயர் சொந்தப் பெயராகவும் இருக்கலாம், அவராக வைத்துக்கொண்ட பெயராகவும் இருக்கலாம். வேண்டாம் என்று பிறகு சொன்னால் அழித்துவிட வேண்டும்.

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய இயக்கங்களுக்கும் வழி இருக்கிறது. வாங்கிய அரிசி மூட்டையின் ரசீதையும், சமைக்கும் அடுப்பையும், கட்டி அடுக்கிய பொட்டலங்களையும், வியர்த்து வழியும் தன்னார்வலர்களையும் எடுத்துப் போடலாம். கணக்குக்கு அதுவே போதுமான சாட்சி. வாங்குபவர் முகம் அந்தக் கணக்கில் சேர வேண்டியதில்லை.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பதாகைப் படம் வந்தால் மூன்று கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பலாம். படத்தில் இருப்பவர் இந்தப் படத்தைப் பார்த்தாரா? அவர் என்ன வேலை செய்தார், செய்கிறார்? இதை வெளியிடுவதால் அவருக்கு என்ன நன்மை? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு செய்தி போடலாம்.

படம் எத்தனை நல்லதாக இருந்தாலும் அதில் ஒருவர் குடியேற முடியாது. வீடும் வாடகையும் அடையாள அட்டையும் சட்டத் திருத்தமும் வேறு மேசைகளில் முடிவாகின்றன. அந்த மேசைகளுக்கு எந்தக் கேள்வி போய்ச் சேர்கிறது என்பதில்தான் படத்துக்கு வேலை. ‘ஐயோ பாவம்’ என்று நினைத்தவர் ஐந்து வெள்ளி கொடுப்பார், ஒரு வேளைச் சாப்பாடு நடக்கும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் ‘இந்த அண்ணன் இரவெல்லாம் காவல் வேலை பார்க்கிறாராம். பகலில் படுக்க அவர் சம்பளத்துக்குத் தகுந்த ஒரு வாடகைக் கட்டில் இந்த ஊரில் ஏன் இல்லை?’ என்று தன் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் ஒருவர் போய்க் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம் கேமராக்கள் எடுக்க வேண்டியது அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கும் படத்தைத்தான்.